கத்திக்குக் கிரையோ: திரவ நைட்ரஜன் கேனைத் தேர்ந்தெடுப்பது முதல் முக்கி எடுப்பது வரை

ஸ்டெயின்லெஸ் எஃகில் கத்தி செய்யத் தொடங்கிய யாரும் சீக்கிரமே திரவ நைட்ரஜனிடம் வந்து சேர்வார்கள். ஃபர்னஸ் சரியாக இருக்கிறது, தோய்ச்சல் (சூடான எஃகைச் சட்டென்று குளிர்விப்பது) சரியாக இருக்கிறது, டெம்பரிங்கும் (அதன்பின் மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது) சரி. ஆனாலும் எஃகு கம்பெனி தரும் தாளில் 62 எச்.ஆர்.சி. (ராக்வெல் கடினத்தன்மை அளவு) என்று போட்டிருந்தால் நம் பிளேடு 60-ஐத் தாண்ட மறுக்கும். சாணை பிடித்தால் பிசிறு எளிதில் உதிராது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடிந்துகொண்டே இருக்கும். இதற்கு முக்கியக் காரணம் எஃகுக்குள் மாறாமல் எஞ்சி நிற்கும் ஆஸ்டெனைட் என்ற மென்மையான உள்ளமைப்பு. அதை மாற்றத்தான் திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி. இப்படி ஆழ்குளிரில் முக்கி எடுப்பதைத்தான் கிரையோ என்கிறோம்.

கேன் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" என்றுதான். என்னைக் கேட்டால் முதல் கேள்வி "கழுத்து எத்தனை மில்லிமீட்டர்?" என்பதாக இருக்க வேண்டும். எந்தக் கத்தி உள்ளே போகும், ஊற்றிய திரவம் எத்தனை நாள் நிற்கும், மாதச் செலவு எவ்வளவு என்று எல்லாவற்றையும் கழுத்துதான் தீர்மானிக்கிறது.

உங்கள் எஃகுக்கு இது தேவையா

ஸ்டெயின்லெஸ் கத்தி எஃகை 1050 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது அதன் உள்ளமைப்பு ஆஸ்டெனைட்டாகிறது. வேகமாகக் குளிர்த்தால் ஆஸ்டெனைட் கடினமான மார்டென்சைட்டாக மாறத் தொடங்கும். இந்த மாற்றம் தொடங்க ஒரு வெப்பநிலை உண்டு, முடிய ஒரு வெப்பநிலை உண்டு. எஃகில் கரைந்திருக்கும் கார்பனும் குரோமியமும் கூடக் கூட இரண்டு புள்ளிகளும் கீழே இறங்கும். லாரிப் பட்டை போன்ற குறைந்த கலவை எஃகில் அறை வெப்பநிலைக்கு வருவதற்குள் மாற்றம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. 13 சதவீதம் குரோமியம் உள்ள ஏ.இ.பி.-எல் போன்ற எஃகில் முடியும் புள்ளி பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. பிளேடு கைக்கு ஆறிவிட்டாலும் உள்ளே வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

ஆகவே ஏ.இ.பி.-எல், 14சி28என், 440சி, 154சி.எம்., 2021-இல் வந்த மேக்னாகட் போன்றவற்றில் வேலை செய்கிறவர்களுக்குக் கிரையோ உண்மையான பலன் தரும். கடினத்தன்மை ஒன்றிரண்டு எச்.ஆர்.சி. ஏறும். டி2 என்ற டூல் எஃகில், எந்த வெப்பநிலையில் ஹார்டன் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேல் எல்லைக்குப் போகப் போக எஞ்சும் ஆஸ்டெனைட் அதிகம், கிரையோவின் பலனும் அதிகம். நம் ஊரில் ஈ.என்.31 என்று கிடைக்கும் 52100 வகையைச் சரியான வெப்பநிலையில் ஹார்டன் செய்தால் கிரையோ இல்லாமலே நல்ல கத்தி வரும். செய்தால் சிறிய முன்னேற்றம் இருக்கும், அவ்வளவுதான். பட்டை எஃகில் அடிக்கும் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கோ வீட்டு அரிவாள்மனைக்கோ இதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

ட்ரை ஐஸ் போதாதா என்று கேட்பார்கள். பல எஃகுகளுக்கு, பெரும்பகுதி போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ட்ரை ஐஸ் துண்டுகளைப் போட்டால் மைனஸ் 75 டிகிரியை ஒட்டி வரும், அதிலேயே கணிசமான ஆஸ்டெனைட் மாறிவிடும். மாதம் ஒரு கத்தி செய்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ட்ரை ஐஸ் மறுநாளைக்கு நிற்காது, ஆல்கஹால் தீப்பிடிக்கும், ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும். நல்ல கேனில் ஊற்றிய திரவ நைட்ரஜன் வாரக்கணக்கில் காத்திருக்கும். தோய்ச்சல் முடிந்த கையோடு முக்கலாம் என்பதே அதன் பெரிய வசதி. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18, ஒன்றும் செய்யாமல் விடுவதற்குப் பரவாயில்லை என்ற அளவில்தான்.

எவ்வளவு திரவம் செலவாகும்

அறை வெப்பநிலையில் இருக்கும் ஒரு கிலோ எஃகை மைனஸ் 196-க்குக் கொண்டுபோக, திரவம் ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சியை மட்டும் கணக்கில் எடுத்தால் சுமார் அரை லிட்டர் செலவாகும். சமையலறைக் கத்தி பிளேடு ஒன்று 150 முதல் 200 கிராம் இருக்கும். அப்படியானால் ஒரு பிளேடுக்கு 100 மில்லிதான். ஐந்து பிளேடு முக்கினாலும் அரை லிட்டர்.

அப்புறம் ஏன் 20 லிட்டர் வாங்கியவர் இரண்டு வாரத்தில் மறுபடி கடைக்குப் போகிறார்? ஊற்றும்போது போவது, சூடான பாத்திரத்தைக் குளிர்விக்கப் போவது, சும்மா நிற்கும்போது வாய் வழியாகப் போவது ஆகியவற்றால்தான். கத்தி குடிப்பது மிகக் கொஞ்சம். 50 மி.மீ. கழுத்துள்ள 20 லிட்டர் கேன் நல்ல நிலையில் இருந்தால் நாளொன்றுக்கு 100 மில்லியை ஒட்டித்தான் இழக்கும். அது மாதக்கணக்கில் தாங்கும். அதே கொள்ளளவில் கழுத்து 125 மி.மீ. ஆனால் இழப்பு பல மடங்கு கூடும். அகல வாய் ஃபிளாஸ்க் என்றால் ஒரு நாள், இரண்டு நாள்.

கேனின் உள்ளே

கேனை வாங்குவதற்கு முன் அதன் உடற்கூறைப் புரிந்துகொள்வது நல்லது. ஜேம்ஸ் டீவார் 1892-இல் செய்த வெற்றிடக் குடுவைதான் இதன் மூலம். வெளியே ஓர் அலுமினியக் கூடு, உள்ளே இன்னோர் அலுமினியப் பாத்திரம், நடுவே வெற்றிடமும் பளபளக்கும் காப்புத் தாள் அடுக்குகளும். உள்பாத்திரம் வெளிக்கூட்டைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஃபைபர் கிளாஸ் போன்ற வெப்பம் கடத்தாத கழுத்துக் குழாய் ஒன்றில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. 20 லிட்டர் நிரம்பினால் திரவம் மட்டுமே 16 கிலோ. அந்த எடை முழுவதையும் அந்த மெல்லிய குழாய் தாங்குகிறது.

கேனைப் படுக்கவைக்கக் கூடாது, உருட்டக் கூடாது, தரையில் டொக்கென்று இறக்கக் கூடாது, பைக்கில் கட்டினால் பள்ளத்தில் துள்ளவிடக் கூடாது என்றெல்லாம் சொல்வதற்கு இதுதான் காரணம். வெளிக்கூட்டில் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே கழுத்தில் மயிரிழை விரிசல் விழுந்துவிடும். வெற்றிடம் மெல்லப் போகும். சில மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

எந்தக் கேன்

நம் ஊரில் அதிகம் புழங்கும் கேன்கள் மாட்டுக்குச் சினை ஊசி போடும் வேலைக்காக வந்தவை. உறைந்த விந்துக் குச்சிகளைக் காப்பதற்கு நாடு முழுவதும் இவை பயன்படுகின்றன. ஊசி போட வருபவர் பைக்கில் கட்டியிருக்கும் அந்தச் சின்னக் கேன் இந்தக் குடும்பத்தில் கடைக்குட்டி. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் நாசிக் ஆலையில் இத்தகைய கேன்கள் தயாராகின்றன. குச்சிக்கு அகலம் தேவையில்லை என்பதால் கழுத்து பெரும்பாலும் 50 மி.மீ. அளவுதான்.

50 மி.மீ. வட்டத்துக்குள் 48 மி.மீ. பிளேடு போகும் என்று கணக்குப் போடாதீர்கள். தட்டையான பிளேடு வட்டத்தின் நடுக்கோட்டில் மட்டும்தான் அந்த அகலத்தைப் பெறும். கொஞ்சம் நகர்ந்தாலும் விளிம்பு கழுத்துக் குழாயைச் சுரண்டும். தோய்ச்சலில் பிளேடு சற்று வளைந்திருந்தால் இன்னும் மோசம். 50 மி.மீ. கழுத்துக்கு 38, 40 மி.மீ. அகலம்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக் கத்தி, பழக்கத்தி, மடக்குக் கத்திப் பிளேடுகள் போகும். அகலமான சமையல் கத்தி போகாது. இந்தக் கேன்களோடு நீண்ட கைப்பிடி வைத்த சிறு கூடைகள் வரும். மடக்குக் கத்திப் பிளேடுகளை அந்தக் கூடையிலேயே போட்டு இறக்கலாம். கூடையைக் கழற்றிவிட்டுக் கைப்பிடிக் கம்பியில் பெரிய பிளேடைக் கட்டித் தொங்கவிடவும் செய்யலாம். கம்பியின் கொக்கி கழுத்து விளிம்பில் மாட்டி நிற்கும்படி முன்பே அமைந்திருக்கிறது.

அடுத்த வகை அகலக் கழுத்து. சீனாவிலிருந்து வரும் ஒய்.டி.எஸ். வரிசையில் பெயரிலேயே விவரம் இருக்கும். ஒய்.டி.எஸ்.-30-125 என்றால் 30 லிட்டர், 125 மி.மீ. கழுத்து. எந்தச் சமையல் கத்தியும் தாராளமாகப் போகும், ஒரே நேரத்தில் பல பிளேடுகள் தொங்கும். வாரம் தவறாமல் பத்துப் பதினைந்து பிளேடு போடுகிற பட்டறைக்கு இது சரி. மாதம் இரண்டு முறை மட்டும் முக்குகிறவர் இதை வாங்கினால், இடைப்பட்ட நாட்களில் காற்றுக்குப் போகும் திரவத்துக்குத்தான் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

என் பரிந்துரை, சிறிய பட்டறைகளுக்கு, இரண்டு பாத்திரங்கள். சேமிக்கக் குறுகிய கழுத்துக் கேன், 10 அல்லது 20 லிட்டர். முக்குவதற்கு அகல வாய்ப் பாத்திரம் தனியாக. வேலை நாளன்று தேவையான அளவு மட்டும் ஊற்றிக்கொண்டு, முடிந்ததும் மிச்சத்தைப் புனலில் திருப்பி ஊற்றிவிடலாம். ஊற்றும்போது கொஞ்சம் வீணாகும், உண்மைதான். ஆனால் மாதம் முழுவதும் அகலக் கழுத்து வழியாகப் போவதைவிடக் குறைவு. பிளேடின் அகலத்துக்கும் கட்டுப்பாடு இல்லை.

முக்கும் பாத்திரத்துக்கு மூன்று வழிகள். ஒன்று, இரட்டைச் சுவர் ஸ்டெயின்லெஸ் ஃபிளாஸ்க், வாய் அகலமானது, பிளேடை விட ஆழமானது. அதன் திருகு மூடியை அன்றைக்கே தூக்கி வேறு அறையில் வைத்துவிடுங்கள், ஏன் என்பது கீழே வருகிறது. இரண்டு, நீங்களே செய்வது. 304 தர ஸ்டெயின்லெஸ் குழாய், 100 மி.மீ. விட்டம், 400 மி.மீ. நீளம் எடுத்து அடியில் வட்டத் தகடு வைத்து ஆர்கான் வெல்டிங் செய்யுங்கள். மூன்று லிட்டர் பிடிக்கும். தடித்த தெர்மோகோல் பலகைகளை வெட்டிச் சுற்றி எல்லாப் பக்கமும் 75 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். சுவர் 2 மி.மீ. என்றால் குழாயே இரண்டு கிலோ இருக்கும், அதைக் குளிர்விக்கவே முதலில் ஒரு லிட்டர் போகும். ஆகவே மெல்லிய சுவராகப் பாருங்கள். மூன்று, தெர்மோகோல் பெட்டி. மீன், மருந்து வரும் தடித்த சுவர்ப் பெட்டியில் பிளேடைப் படுக்கவைத்து மேலே ஊற்றலாம். அவசரத்துக்கு ஆகும். மூலையில் விரிசல் விட்டால் திரவம் தரையில் ஓடும் என்பதால் அதை இன்னொரு பெட்டிக்குள் வைத்தே பயன்படுத்துங்கள்.

சாதாரண இரும்பு வாளி, ஜி.ஐ. வாளி, பெயின்ட் டப்பா எதுவும் வேண்டாம். இந்தக் குளிரில் சாதா இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும். பிளாஸ்டிக் வாளியும் வெடிக்கும். கண்ணாடி உள்ளுறை வைத்த டீ ஃபிளாஸ்க் உள்நோக்கி நொறுங்கிச் சில்லுகளைத் தெறிக்கவிடும்.

பழைய கேன் வாங்கும்போது

புதிய கேன் விலை அதிகம் என்பதால் பலரும் பழையதைத் தேடுவார்கள். தப்பில்லை, சோதித்து வாங்க வேண்டும். வெளிக்கூட்டில் ஆழமான ஒடுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். வெற்றிடத் துளையின் மூடி கழன்றோ குத்தப்பட்டோ இருந்தால் பேச்சே வேண்டாம். டார்ச் அடித்துக் கழுத்தும் உள்பாத்திரமும் சேரும் இடத்தைப் பாருங்கள், கீறலோ பசை உதிர்வோ இருக்கக் கூடாது. கேனை லேசாக அசைத்தால் உள்பாத்திரம் கடகடவென்று ஆடக் கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் கடைசி வார்த்தை தராசுடையது. கால்வாசி நிரப்பி ஒரு நாள் அப்படியே விடுங்கள், உள்ளே குளிர் நிலைப்பட வேண்டும். மறுநாள் எடை போடுங்கள். இரண்டு நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி எடை போடுங்கள். திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் 0.8 கிலோ. இரண்டு நாளில் 160 கிராம் குறைந்திருந்தால் நாளுக்கு 100 மில்லி, 20 லிட்டர் கேனுக்கு அது நல்ல ஆரோக்கியம். அரைக் கிலோ குறைந்திருந்தால் வெற்றிடம் போய்க்கொண்டிருக்கிறது. வெளிக்கூடு வியர்த்து நின்றாலோ, கழுத்தைச் சுற்றித் தோளில் பனி படர்ந்தாலோ தராசுகூடத் தேவையில்லை, அது செத்த கேன். விற்பவர் இந்தச் சோதனைக்கு மூன்று நாள் தர மறுத்தால் நான் வாங்க மாட்டேன்.

வாங்கப் போகும்போது

திரவ நைட்ரஜன் வெல்டிங் கேஸ், ஆக்சிஜன், ஆர்கான் விற்கும் தொழிற்சாலை வாயு விற்பனையாளர்களிடம் கிடைக்கும். கோவை, அம்பத்தூர், ஓசூர் மாதிரி தொழிற்பேட்டை உள்ள ஊர்களில் விசாரித்தால் அமையும். சில்லறையாக ஊற்றித் தருவார்களா, எந்த நாளில் லாரி வருகிறது, குறைந்தபட்சம் எத்தனை லிட்டர் எடுக்க வேண்டும் என்று முதலில் போனில் கேட்டுவிடுங்கள். உங்கள் கேனின் கழுத்து அளவையும் சொல்லுங்கள். குழாய் முனை உள்ளே போகாவிட்டால் புனல் வைத்து ஊற்ற வேண்டும், பாதி ஆவியாகும்.

காலியான, சூடான கேனில் முதலில் ஒரு லிட்டர் அளவு மட்டும் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். கொந்தளித்துப் புகைந்து அடங்கும்வரை காத்திருந்து அப்புறம் நிரப்ப வேண்டும். எடுத்த எடுப்பில் வேகமாக ஊற்றினால் திரவம் கழுத்து வழியாகப் பீய்ச்சியடிக்கும். கழுத்துக் குழாயும் ஒரே அடியாகச் சுருங்கி விரிசல் காணும்.

கொண்டுவருவதில் மிகவும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. ஒரு காரின் உள்ளே இருக்கும் காற்றே சுமார் 3,000 லிட்டர்தான். ஐந்து லிட்டர் கொட்டினால் காரில் மூச்சுவிட ஒன்றும் இருக்காது. திறந்த பின்பகுதி உள்ள வண்டியில் நிமிர்த்திக் கட்டிக் கொண்டுவாருங்கள். வேறு வழியே இல்லாமல் கார்தான் என்றால் எல்லாக் கண்ணாடியும் திறந்திருக்க வேண்டும், ஏ.சி. கூடாது, கேன் சாயாமல் பெல்ட் போட்டிருக்க வேண்டும். அடுக்குமாடியில் லிஃப்ட்டில் கேனோடு ஆள் ஏறக் கூடாது. கேனை மட்டும் அனுப்பிவிட்டு மேலே ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும், நடுவில் யாரும் ஏறாதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

மூச்சு, அழுத்தம், தோல்

கையைச் சுடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உயிரை எடுப்பது மூச்சு. நைட்ரஜனுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நமக்கு மூச்சு முட்டுவதாகத் தோன்றுவது உடலில் கரியமில வாயு சேர்வதால். நைட்ரஜன் நிறைந்த அறையில் அது வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருக்கும், ஆகவே எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்டால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் அதில் சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கும். பத்து லிட்டர் திரவம் கொட்டி ஆவியானால் 7,000 லிட்டர் நைட்ரஜன் சேரும். 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் 16 சதவீதத்தை ஒட்டி இறங்கும். 19.5-க்குக் கீழே போனாலே அபாய அளவு என்று வைத்திருக்கிறார்கள். அதுவும் சராசரிதான். குளிர்ந்த வாயு கனமானது, தரையோடு தங்கும். குனிந்து வேலை செய்கிறவருக்கும் பள்ளத்தில் நிற்கிறவருக்கும் இன்னும் குறைவாகவே கிடைக்கும். வெண்புகையாகத் தெரிவது காற்றிலிருந்த ஈரம்தான். புகை கலைந்த இடத்திலும் நைட்ரஜன் இருக்கும்.

2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில் நகரில், கோழி இறைச்சியை உறையவைக்கும் ஆலையில் திரவ நைட்ரஜன் கசிந்து ஆறு பேர் இறந்தார்கள். முதலில் விழுந்தவர்களைப் பார்க்கவும் காப்பாற்றவும் உள்ளே போனவர்களும் அதில் அடக்கம். பட்டறையில் உங்களோடு இருப்பவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்: உள்ளே ஆள் விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதே, முதலில் கதவு ஜன்னலை வெளியிலிருந்து திற, ஆட்களைக் கூப்பிடு.

கேனை வைக்க நல்ல இடம் வராந்தாவோ இரண்டு பக்கம் திறந்த கூரைக் கொட்டகையோ. படுக்கையறையோடு ஒட்டிய அறை, அண்டர்கிரவுண்ட், ஜன்னலில்லாத ஸ்டோர் ரூம் கூடவே கூடாது. மூடிய பட்டறைதான் இருக்கிறது என்றால் ஆக்சிஜன் அலாரம் ஒன்று வாங்கி இடுப்பு உயரத்தில் மாட்டுங்கள், எக்ஸாஸ்ட் விசிறியைத் தரை மட்டத்தில் வையுங்கள்.

அடுத்தது அழுத்தம். திரவம் இருக்கும் எந்தப் பாத்திரத்தையும் காற்றுப் புகாமல் மூடக் கூடாது. கேனோடு வரும் தக்கை தளர்வாகத்தான் இருக்கும், வாயு வெளியேற அதில் வழி இருக்கும். அது தொலைந்துபோனால் ரப்பர் கார்க் அடிப்பது, டேப் சுற்றுவது எல்லாம் வெடிகுண்டு செய்வதற்குச் சமம். 2006-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், பாதுகாப்பு வால்வுகளைக் கழற்றிவிட்டு உலோக அடைப்பு போட்டிருந்த திரவ நைட்ரஜன் சிலிண்டர் வெடித்து, மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு போனது. ஃபிளாஸ்க்கின் திருகு மூடியை வேறு அறையில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பழக்க தோஷத்தில் யாராவது மூடிவிடுவார்கள். கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. காற்றின் ஈரம் கழுத்தில் உறைந்து தக்கையை ஒட்டவைத்துவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தக்கையைத் தூக்கிப் பார்த்து, பனியைத் துடைத்துவிடுங்கள்.

தோலைப் பற்றிச் சுருக்கமாக: முகத்தை முழுதும் மறைக்கும் கவசம், சட்டென்று உதறக்கூடிய தளர்வான தோல் கையுறை அல்லது கிரையோ கையுறை, மூடிய ஷூ, ஷூவுக்கு வெளியே விழும்படி முழுக்கால்சட்டை. திரவத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பின்னல் கையுறை வேண்டாம், வெறுங்கையைவிட அது மோசம். தோல் உறைந்துவிட்டால் தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

முக்கும் நாள்

ஏ.இ.பி.-எல்லில் செய்த சமையல் கத்தி என்று எடுத்துக்கொள்வோம். ஃபர்னஸைப் பற்ற வைப்பதற்கு முன்பே திரவம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். உலர்ந்த மரக்குச்சி ஒன்றைக் கேனின் அடிவரை விட்டு, பத்து விநாடி வைத்து, வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டினால் திரவம் தொட்ட உயரம்வரை வெள்ளையாகப் பனி பிடிக்கும். அந்தக் கோடுதான் அளவு. குழாய் போல உள்ளே ஓட்டை உள்ள எதையும் விடாதீர்கள், அதன் வழியாகத் திரவம் முகத்துக்கு நேராகப் பீய்ச்சும்.

பிளேடின் டாங்கில் (கைப்பிடிக்குள் போகும் பகுதி) உள்ள துளை வழியாக ஸ்டெயின்லெஸ் கம்பியைக் கட்டி, மேல்முனையைக் கொக்கியாக வளைத்துத் தயாராக வையுங்கள். செம்புக் கம்பியும் ஆகும். சாதா கட்டுக்கம்பி குளிரில் முறிந்தால் பிளேடு கேனின் அடியில் போய் விழும். 50 மி.மீ. கழுத்து வழியாக அதை எடுப்பது பெரும்பாடு, முனை உள்பாத்திரத்தைக் குத்திவிட்டால் கேனே போச்சு.

ஸ்டெயின்லெஸ் ஃபாயில் உறையில் 1065 முதல் 1080 டிகிரிவரை சூடாக்கி, கால்மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு அலுமினியத் தட்டுகளுக்கு நடுவே அழுத்திக் குளிர்விக்கிறீர்கள். கையால் தொடும் சூட்டுக்கு வந்ததும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சிறு வளைவு இருந்தால் இப்போதே நிமிர்த்துங்கள், கிரையோ முடிந்தபின் பிளேடு இதற்கு இணங்காது. பிறகு ஃபாயில் துண்டு, எண்ணெய், ஈரம் எல்லாம் துடைத்து அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள்.

இங்கிருந்து நேரம் முக்கியம். அறை வெப்பநிலையில் கிடக்கக் கிடக்க எஞ்சிய ஆஸ்டெனைட் நிலைப்பட்டுவிடும், அப்புறம் எவ்வளவு குளிர்வித்தாலும் முழுதாக மாறாது. நாளைக்குச் செய்யலாம் என்று விடாதீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் முக்குங்கள். வெடிப்புக்குப் பயந்து, கிரையோவுக்கு முன் 150 டிகிரியில் ஒரு சிறு டெம்பர் கொடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதுவும் ஆஸ்டெனைட்டை நிலைப்படுத்தவே செய்கிறது. மெல்லிய கத்திப் பிளேடுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. முனைகளில் கூரான மூலையோ ஆழமான கீறலோ விடாமல் 120 கிரிட்டில் விளிம்புகளை உருட்டிவிட்டிருந்தால் வெடிப்பு அரிது.

முக்கும் பாத்திரத்தில் ஊற்றி, அது கொந்தளித்து அடங்கியபின் மட்டத்தைப் பாருங்கள். பிளேடு முழுதும் மூழ்க வேண்டும். பாதி திரவத்திலும் பாதி வெளியிலும் நின்றால் கோணல் விழும். முதலில் திரவத்துக்கு மேல் குளிர்ந்த ஆவியில் இரண்டு மூன்று நிமிடம் பிளேடைப் பிடியுங்கள். பிறகு முனையிலிருந்து நிதானமாக இறக்குங்கள்.

உடனே திரவம் கொதிக்கும். சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே சங்கதிதான், பிளேடைச் சுற்றி ஆவிப் படலம் ஒன்று நின்று திரவத்தைத் தொடவிடாமல் தடுக்கிறது. அதனால் குளிர்ச்சி முதலில் மெதுவாகவே நடக்கும், பிளேடுக்கு அது நல்லதும்கூட. ஒரு கட்டத்தில் பிளேடு போதுமான அளவு குளிர்ந்து படலம் உடையும். அப்போது சட்டென்று ஒரு பெரும் கொதிப்பு, இரைச்சலோடு. பிறகு திடீர் அமைதி. அந்த இரைச்சலும் அமைதியும்தான் பிளேடு திரவத்தின் வெப்பநிலைக்கு வந்துவிட்டதற்கு அடையாளம். முதல் முறை முக்கும்போது அதைக் காதால் கேட்டுப் பழகுங்கள். இரண்டாவது பிளேடை இறக்குவதற்கு இந்த அமைதிவரை காத்திருங்கள்.

எவ்வளவு நேரம் வைப்பது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. மார்டென்சைட் மாற்றம் எவ்வளவு குளிர் என்பதைப் பொறுத்தது, எவ்வளவு நேரம் என்பதைப் பெரிதாகப் பொறுத்ததல்ல. பிளேடின் நடுப்பகுதிவரை குளிர்ந்துவிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது. நான் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை வைக்கிறேன். இரவு முழுக்க ஊறவிட்டால் நுண்ணிய கார்பைடுகள் உருவாகும், தேய்மானம் குறையும் என்று சொல்கிறவர்கள் உண்டு. சில டூல் எஃகுகளில் அப்படி ஆய்வு முடிவுகளும் வந்திருக்கின்றன. சமையல் கத்தியில் அதற்காக இரண்டு லிட்டரை ஆவியாக்க எனக்கு மனம் வருவதில்லை.

திறந்த பாத்திரத்தை வெகுநேரம் அப்படியே விடாதிருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆக்சிஜன் மைனஸ் 183-லேயே திரவமாகிவிடும், நைட்ரஜனைவிட முன்னதாக. திறந்து கிடக்கும் பாத்திரம் காற்றிலிருந்து ஆக்சிஜனை மெல்ல இழுத்துச் சேர்க்கும். அடியில் மிஞ்சும் திரவம் இளநீலமாகத் தெரிந்தால் அது ஆக்சிஜன். எண்ணெய்த் துணியும் தெர்மோகோலும் அதன் பக்கத்தில் சாதாரணமாக எரிவதுபோல் எரியாது, பற்றினால் பாய்ந்து பிடிக்கும். ஃபோர்ஜ், கேஸ் டார்ச், கிரைண்டர் பொறி எதுவும் முக்கும் இடத்துக்கு அருகில் வேண்டாம். பாத்திரத்தின் மேல் தெர்மோகோல் பலகை ஒன்றைச் சும்மா வைத்துவிட்டால் காற்று உள்ளே போவதும் குறையும், திரவமும் மிஞ்சும்.

எடுக்கும்போது நீண்ட இடுக்கியால் கொக்கியைத் தூக்கி, மரத்துண்டின் மேல் நிறுத்திவையுங்கள். பிளேடு வெள்ளைப் பனி போர்த்திக்கொண்டு வரும். இந்த நிலையில் தட்டாதீர்கள், வளைக்காதீர்கள், கீழே போடாதீர்கள். இதற்கு இன்னும் டெம்பர் ஆகவில்லை, புதிதாகப் பிறந்த மார்டென்சைட் மிகவும் நொறுங்கும் தன்மையுள்ளது. வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தவும் வேண்டாம். காற்றிலேயே தானாக அறை வெப்பநிலைக்கு வந்ததும் ஈரத்தைத் துடைத்து, ஏற்கெனவே சூடாகித் தயாராக இருக்கும் அடுப்பில் வையுங்கள். 175 டிகிரி, இரண்டு மணி நேரம், நடுவில் முழுதும் ஆறவிட்டு இரண்டு முறை. ராக்வெல் சோதனைக்கு வழியிருந்தால் ஒரே பட்டையில் வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்றைக் கிரையோ செய்தும் மற்றொன்றைச் செய்யாமலும் அளந்து பாருங்கள். உங்கள் ஃபர்னஸில் கிரையோ எவ்வளவு தருகிறது என்பதை அந்த இரண்டு எண்கள்தான் சொல்லும்.

வேலை முடிந்தபின்

முக்கும் பாத்திரத்தில் மிச்சம் இருப்பதை, தெளிவாக இருந்தால், புனல் வழியாகக் கேனுக்குத் திருப்புங்கள். நீலம் படிந்ததையும் அழுக்கு மிதப்பதையும் திருப்ப வேண்டாம். திறந்த வெளியில், ஆள் நடமாட்டமும் செடிகொடியும் இல்லாத மண்தரையில் சிறிது சிறிதாக ஊற்றிவிடுங்கள். சிமென்ட் தரையிலும் டைல்ஸிலும் ஊற்றினால் விரிசல் விடும். சாக்கடையிலும் சிங்க்கிலும் ஊற்றினால் குழாய் உடையும்.

மாதக்கணக்கில் வேலை இல்லை என்றால் கேனில் இருப்பது தானாகத் தீரட்டும். தீர்ந்தபின் தக்கையை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தியே பல நாட்கள் ஆறவிடுங்கள். உள்ளே ஈரம் கோத்திருக்கும், சிறு குச்சியில் துணி கட்டி அடிவரை துடைத்து எடுத்தால் எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். அந்த ஈரத்தோடு அடுத்த முறை நிரப்பினால் அது அடியில் பனிக்கட்டியாக உறைந்து உள்பாத்திரத்தின் இணைப்பை அழுத்தும். முழுதும் உலர்ந்த பிறகு கழுத்தில் மெல்லிய துணி கட்டிப் பூச்சி, தூசி போகாமல் மூடி வையுங்கள்.